முப்பது அர்ஜுனா

இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம். அவ்வளவுதான். தெருவில் வாய்க்கால் தூர் எடுக்க வந்தவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு மண்வெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். கணீர், கணீர், பிறகு ஒரு மொட்டைச் சத்தம். கடைசியாக விழுந்தது கடப்பாரையாக இருக்கும். மூன்றாவது மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. அர்ஜுனா, அர்ஜுனா, அர்ஜுனா. வெளியே வெள்ளையான வெயில். வானத்தில் விரல் அகலத்துக்குக்கூட மேகம் இல்லை. ஆனாலும் முப்பது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் அடுத்த சட்டையை எடுத்தேன்.

அந்த மனிதரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. போன் மூன்று மாறிவிட்டது, எண் கூடவே வருகிறது. அந்த எண்ணுக்கு நான் ஒரு தடவை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. இப்போது அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

பாகூர்ப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே நூறு நாள் வேலையில் அவர் மேட். நாற்பது பேரை, அதில் நான்கைந்து பேர் தவிர எல்லாரும் பெண்கள், ஏரிக்குள் இறக்கி மண் வெட்டவைத்து, வருகை குறித்து, கூலிப் பதிவுக்கு வழி செய்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. நான் அந்தப் பக்கத்து மூன்று ஊர்களுக்கு ஸ்கூட்டரில் சுற்றிய ஒப்பந்த ஊழியன். காலையில் ஆட்களை நிறுத்தி ஒரு படம், மதியம் இரண்டு மணிக்கு மேல் இன்னொரு படம். இரண்டும் போனிலிருந்து ஏறினால்தான் அவர்களுக்கு அது வேலை நாள். ஒன்று ஏறாவிட்டாலும் அன்று வெட்டிய மண் வெட்டாத மண். இரவில் நான் கவிதை எழுதுவேன் என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கு அங்கே பெயர் போட்டோ சார்.

அவர் ஆள் கதவளவு. அதற்கு முன் திருபுவனையில் கம்பெனி லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாராம். தோளில் அந்த மூட்டைகளின் தழும்பு பாசி படிந்த கல் மாதிரி கறுத்துக் கிடக்கும். மீசை ஒன்று, யாரையோ மிரட்டுவதற்காக வளர்த்துவிட்டு, மிரட்ட ஆள் கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்டதுபோல. நாணல் புதரில் பாம்பு வந்தால் பெண்கள் கத்துவார்கள். அவர் ஒரு குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போய், எல்லாரையும் விலக்கி, அதற்கு ஒரு பக்கம் வழி திறந்துவிட்டு நிற்பார். "போவட்டும், அதுக்கு வழி வுட்டா அது பாட்டுக்குப் போவும்" என்பார். குரல்கூட உயராது. அப்படிப்பட்ட ஆள் இடிக்குப் பயந்தார்.

சாதாரணப் பயம் இல்லை. காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்பே பயப்பட ஆரம்பித்துவிடுவார்.

முதல் நாள் நான் பார்த்தது இது. மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பூங்காவனம் என்ற பெண்ணை மட்டும் அழைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் வீக்கம். ஏரிக்குள்ளிருந்து கரை ஏறி, கரையின் அந்தப் பக்கம் இறங்கி, ரோட்டோரப் பால் சொசைட்டிக் கட்டடம் வரைக்கும் நடக்கச் சொன்னார். அவரும் கூடவே நடந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி காலங்காத்தால நடக்கவுட்டுப் பாக்கற?" என்றது பூங்காவனம்.

"நீங்க நடக்கற நடைதான்க்கா நம்ம செட்டுக்கே நடை. வேகமா ஓடறவங்கள வச்சிக் கணக்குப் போட்டா, கடைசியா வர்ற ஆளு மாட்டிக்குவாங்க."

"மாட்டனா மாட்டறேன். போய்ச் சேர்ற வயசுதான் எனக்கு."

"அதெல்லாம் வூட்ல வச்சிக்கங்க. என் வேலையில போவக் கூடாது."

எட்டு நிமிடம் ஆயிற்று. அவர் நோட்டில் எட்டு என்று எழுதி வட்டம் போட்டார். வேலை நடக்கும் இடம் ஏரிக்குள் தள்ளித் தள்ளிப் போகப் போக, வாரத்துக்கு ஒரு தடவை பூங்காவனத்தை மறுபடி நடக்கவிட்டார். ஒன்பது. ஒன்பதரை. முழங்கால் அதிகம் வீங்கிய ஒரு வாரம் பன்னிரண்டு. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

கரையில் வரிசையாகப் பனைமரம் நின்றது. ஆலமரம் ஒன்று இருந்தது, கீழே அருமையான நிழல். மதகுப் பக்கம் தகரக் கொட்டகை ஒன்று. இது எதிலும் ஒதுங்கக் கூடாது. சிமெண்டுத் தளம் போட்ட பால் சொசைட்டிக்குள்தான். உள்ளே போனாலும் சுவரில் சாயக் கூடாது, குழாயைத் தொடக் கூடாது, வாசலில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. புளித்த பால் வாடைக்குள் நாற்பது பேரும் நடுவில் குந்தியிருக்க வேண்டும். கன்றுக்குட்டிகளை அடைத்ததுபோல இருக்கும்.

எப்போது கிளம்புவது என்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மின்னல் வெட்டினால் நம் பக்கத்தில் எல்லாரும் அர்ஜுனா, அர்ஜுனா என்பார்கள் அல்லவா. குனிந்து காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்வார்கள், நின்ற இடத்திலேயே நிற்பார்கள், இடி இறங்கி முடிந்ததும் மறுபடி மண்வெட்டியைப் பிடிப்பார்கள். அவர் அதைத் தடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார்.

"மின்னல பாத்ததும் ஆரம்பிங்க. அர்ஜுனா ஒண்ணு, அர்ஜுனா ரெண்டு. எல்லாரும் ஒரே அளவுல. பயத்துல அவசரமா சொன்னா கணக்கு கெடும். முப்பதுக்குள்ள சத்தம் வந்துட்ச்சா, மம்ட்டிய போட்டுட்டு நடக்கணும். என்னைக் கேக்க வேணாம். யாரையும் கேக்க வேணாம்."

ஆரோக்கியம் என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது, அந்தக் கூட்டத்திலேயே வேகமான கை, அதைவிட வேகமான வாய். "நான் ஏசப்பான்னுதான் சொல்லுவேன். பரவாலியா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். வாய்க்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தார். "சொல்லு. ரெண்டும் ஒரே நீட்டுதான் வருது. இழுக்காம சொல்லு."

"எங்க சாமியாரு கூட இவ்ளோ கறாரா ஜெபம் சொல்லிக் குடுக்கலபா."

ஏரி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கண் விழுப்புரம் பக்கமே இருந்தது. கோடை இடி அங்கிருந்துதான் வரும்.

மண்வெட்டியை ஏன் போடச் சொல்கிறீர்கள், இரும்பு இடியை இழுக்குமா என்று ஒருநாள் கேட்டேன். "அது எனக்குத் தெரியாது சார். இரும்பத் தூக்கினு ஓடனா காலு இழுக்கும். அது தெரியும்" என்றார். எல்லாரும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டும். நாற்பது மண்வெட்டிகள் விழும் அந்தச் சத்தம்தான் எங்கள் ஏரிக்கு அபாயச் சங்கு.

கடைசி இடி கேட்டதிலிருந்து அரை மணி நேரம் போன பிறகுதான் வெளியே விடுவார். நடுவில் எங்கேயாவது ஒரு சின்ன உறுமல் கேட்டாலும் அரை மணி மறுபடி முதலிலிருந்து. வாசலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், காக்கை ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டிருக்கும், இவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நிற்பார்.

"அட, மறுபடியும் மொதல்லேந்தா?"

"வெயிலு அடிக்குதுபா வெளிய!"

"அடிக்கட்டும். இடி இன்னும் போவல."

"இவரு பொண்டாட்டி வூட்ல தட்டு கீழ போட்டாலே இந்தாளு பால் சொசைட்டிக்கு ஓடியாந்துடுவாரு" என்பது ஆரோக்கியத்தின் குரல். அவர் மனைவி அந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள் என்று தோன்றும். அப்படிச் சிரிக்கவைக்கிற ஆள்தான் அவர். மீசையும் நடுக்கமும் ஒரே முகத்தில் இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் இருந்தன. அண்ணன் இடி விழுந்து செத்தான் என்று ஒன்று. கழனியில் மாடு இரண்டு கண்ணெதிரே கருகின என்று ஒன்று. இவர்மேலேயே விழுந்தது, அதனால்தான் இடது காது கேட்காது என்று ஒன்று. நான் எழுதுகிறவன், எனக்குக் காரணம் வேண்டும். கேட்டேன்.

"அண்ணனே இல்ல சார் எனக்கு. நான்தான் மூத்தவன்."

"மாடு?"

"மாடும் இல்ல. ரெண்டு காதும் நல்லா கேக்குது. பயப்பட்றதுக்கு எதுனா ஆயிருக்கணுமா? எனக்கு ஒண்ணும் ஆவல சார். ஆவாம இருக்கத்தானே இவ்ளோவும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதில் கதை இல்லை.

அந்தச் சித்திரை மாதம் வானம் எங்களைக் கிண்டல் செய்தது. ஒன்றரை மணி வாக்கில் மேற்கே கறுக்கும். இரண்டு வெட்டு வெட்டும். இருபத்தெட்டில், இருபத்தைந்தில் சத்தம் வரும். கணீர் கணீரென்று மண்வெட்டிகள் விழும். நாற்பது பேரும் பால் சொசைட்டிக்குள். மேகம் கடலூர்ப் பக்கம் திரும்பிப் போய்விடும். ஒரு சொட்டு விழாது. அரை மணி, மறுபடி அரை மணி, மறுபடி. நான் மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய்விட்டு வந்து சேரும்போது ஏரியில் ஆளே இருக்காது. வேலை நடக்கும் இடத்தில் எடுக்காத படம் செல்லாது. நானும் படம் ஏற்றும் நேரம் முடியப்போகிறது என்று கிளம்பிவிடுவேன். ஒரே மாதத்தில் மூன்று நாள் அப்படிப் போனது. காலையிலிருந்து மதியம் வரை வெட்டிய மூன்று நாள் மண், கணக்கில் இல்லை.

மூன்றாவது நாளும் போனதற்கு மறுநாள் ஆரோக்கியமும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் என் ஸ்கூட்டரைச் சுற்றி நின்றார்கள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"சார், எங்க வூட்டுக்காரரு படுத்தபடுக்கை. நான் ஒருத்திதான் வேலைக்கு வரேன். இந்தாளு மோளம் அடிச்சாக்கூட ஓட்றாரு. ஆபீஸ்ல குடுக்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு நல்லா எழுத வரும்னு கை பாத்தாலே தெரியுது."

பூங்காவனம் கொஞ்சம் தள்ளி நின்று வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடவும் இல்லை, போடாதே என்று சொல்லவும் இல்லை.

எழுதிக் கொடுத்தேன். ஆரோக்கியம் சொன்னது நியாயம். அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் அவள் சொன்னதை மட்டும் நான் எழுதவில்லை. ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாளை வைத்து, பேனாவை உதறி, ஒரு வாக்கியத்தை ஜோடித்தேன். "காரணமற்ற அச்சத்தால் நாற்பது பேரின் உழைப்பைக் காற்றில் கரைத்துவிடுகிறார்." காரணமற்ற, காற்றில், கரைத்து. மூன்று ககரமும் எப்படி வந்து விழுந்தன என்று எனக்கே சந்தோஷம். அன்று இரவு என் குறிப்பேட்டிலும் அந்த வரியை எழுதிவைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அவரை மேட் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆரோக்கியம் மேட் ஆனாள். அவர் நோட்டையும் விசிலையும் அவளிடம் கொடுத்தார். நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, "பூங்காவனக்கா நடை இப்ப பத்து நிமிஷம்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். கதவளவு ஆள், பெண்களின் வரிசையில், கடைசியில்.

அதன் பிறகு இடியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. காலையில் பூங்காவனத்தோடு பேச்சுக் கொடுத்தபடி பால் சொசைட்டியிலிருந்து ஏரிக்கு மெதுவாக நடந்து வருவார், கண் கடிகாரத்தில் இருக்கும். பழைய மேட் வேலையில் அது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம்.

வைகாசி பிறந்து சில நாட்கள். நான் ஏரிக்கு வந்தபோது இரண்டே கால். மேற்கே வானம் கத்தரிப்பூ நிறம். காற்று இல்லை. தவளைகூட இல்லை. ஏரிக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கரைமேல் கிடைக்கும். எனவே நாற்பது பேரையும் கரைமேல் ஏற்றி நிறுத்தினேன். படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாரும் அவரவர் மண்வெட்டியைத் தோளில் வைக்க வேண்டும். அது என் வழக்கம். படம் அழகாக வரும்.

சுற்றிலும் மைல் கணக்கில் தட்டையாகக் கிடக்கும் கழனி. அதில் உயர்ந்த ஒரே மேடு அந்தக் கரை. அதன்மேல் பனை வரிசைக்குப் பக்கத்தில் நாற்பது பேரை, இரும்பைத் தூக்கிப் பிடிக்கவைத்து, அசையாமல் நில்லுங்கள் என்று சொன்னவன் நான்.

படம் எடுத்தேன். ஏறவில்லை. போனில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "யாரும் கலையாதீங்க, இன்னொண்ணு எடுக்கணும்" என்றேன். போனை அவர்கள் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அப்போது திரைக்குள் எல்லாருக்கும் பின்னால் வானம் ஒரு தடவை வெளுத்தது.

திரையில் கடைசி ஆளின் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் அவர் எண்ணுகிறார். பெரிதாக்கிப் பார்க்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறில் வந்தது சத்தம். தூரத்தில் யாரோ பீரோவை இழுத்ததுபோல.

"ரெண்டே நிமிஷம்" என்றேன்.

அடுத்த வெளிச்சம். பத்தொன்பது.

வரிசை நெளிந்தது. அவர் தலையைத் திருப்பி, "ஆரோக்கியம், சொல்லுடிமா. நீ சொன்னாதான் போவ முடியும்" என்றார். கெஞ்சும் குரல்.

ஆரோக்கியத்தின் கையில் விசில். அவள் என்னைப் பார்த்தாள். "சார் சொல்லட்டும். இன்னைக்கும் போட்டோ போச்சுன்னா எல்லாரும் என்னைத்தான் கிழிப்பாளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வட்டத்தைப் பார்த்தேன். "ஏறிடும்" என்றேன்.

அப்போது அவர் கேட்டார், ரொம்ப மரியாதையாக, பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்பதுபோல: "சார், எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா கை வலிக்குது. மம்ட்டிய கீழ போட்டுக்கலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டார். கணீர்.

அந்த ஒரு சத்தம் கரை நெடுக ஓடியது. பிறகு பூங்காவனம், "யம்மா, எனக்குந்தான் கை வலிக்குது" என்று தன்னுடையதை அதன்மேல் எறிந்தது. கணீர். "எனக்கும்." "தோ, எனக்கும்." சிரிப்பும் அழுகையுமாக நாற்பது பேர் கையும் ஒரே நேரத்தில் வலித்தது. ஆரோக்கியம் விசிலை ஊதவே இல்லை. பூங்காவனத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கியவள் அவள்தான்.

நான் இறங்கவில்லை. முதலில் எடுத்த படம் ஏறிக்கொண்டிருந்தது. வட்டம் முக்கால் ஆகியிருந்தது. கையை உயர்த்தி, போனை இன்னும் மேலே பிடித்துக்கொண்டு கரைமேல் தனியாக நின்றேன். எதற்காக என்று கேட்டால் கடமை என்று சொல்லலாம். எனக்குத் தெரியும், அது வீம்பு. அந்த ஆளிடம் தோற்கக் கூடாது.

கீழே பால் சொசைட்டிப் பாதையில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவர் பாதியில் நின்று தலைகளை எண்ணினார். பிறகு திரும்பிக் கரையைப் பார்த்தார். அங்கிருந்தே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் கரையை நோக்கி வந்தார்.

ஓடி வரவில்லை. அவரால் ஓட முடியவில்லை. ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல வந்தார், அங்கே சேறே இல்லை. நடுவில் வானம் வெளுத்தது. அந்த இடத்திலேயே குந்தி, காதைப் பொத்தி, தலையை முட்டிக்குள் விட்டுக்கொண்டார். பன்னிரண்டு. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. எழுந்தார். மறுபடி நடந்தார். கரை ஏறி என் முன்னால் நின்றபோது அவர் பல் அடித்துக்கொண்டது.

"சார், போட்டோவுல இப்ப ஆளே இல்ல சார். யாருக்காக நிக்கறீங்க?"

என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல நனைந்திருந்தது. நடுங்கிய நடுக்கத்தில் என் போன் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். இருவரும் இறங்கினோம். ஓடினோமா நடந்தோமா என்று நினைவில்லை. ஓர் ஆளின் பயம் அவர் விரல் வழியாக என் எலும்புக்குள் ஏறியது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் அவர் திரும்பி வந்திருக்கிறார்.

உள்ளே போனதும் மறுபடி தலை எண்ணினார். "நாப்பது. சாரோட நாப்பத்தி ஒண்ணு." பிறகு கேன் கழுவும் தொட்டிப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

மழை ஒரு பத்து நிமிடம் பெய்தது. இடி நாலைந்து தடவை இறங்கியது, எங்கோ. அரை மணி. மறுபடி அரை மணி. வெளியே வந்தபோது மஞ்சள் வெயில். நான் போனைப் பார்த்தேன். படம் ஏறவில்லை. ஏற்றும் நேரமும் முடிந்திருந்தது.

"போச்சா?" என்றாள் ஆரோக்கியம். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் பக்கம் திரும்பி, "பாருண்ணே, ஒண்ணும் ஆவல. ஒண்ணுமே ஆவல. இன்னிக்கு நாளும் போச்சு" என்றாள்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஆமாமா. ஒண்ணும் ஆவல" என்றார். பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்பவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் நான் கரைக்குப் போனேன். எதையோ தேடினேன். கருகிய புல், வெடித்த பனை, உருகிய இரும்பு, எதுவானாலும் சரி. மண்வெட்டிக் குவியல் போட்டபடியே கிடந்தது. ஈரத்தில் லேசாகத் துரு. ஒன்றின் பிடியில் தட்டான் உட்கார்ந்திருந்தது. நான் நின்ற இடத்தில் என் செருப்புத் தடம். அதைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கருகல் இருந்திருந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சரி, நான் தப்பு என்று எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். அந்த இடத்தில் எது விழாமல் போனது, எத்தனை பேருக்குப் பக்கத்தில் விழாமல் போனது என்பதை யாரால் அளக்க முடியும்? அதை எண்ணிப் பார்க்க எனக்கு இன்னும் அர்ஜுனாக்கள் போதவில்லை.

அவரை மறுபடி மேட் ஆக்கவில்லை. ஆரோக்கியம்தான் மேட். நான் படத்தைக் கரையின் கீழே, இரண்டு மணி ஆன அந்த நிமிடமே எடுக்க ஆரம்பித்தேன். ஏற்ற மட்டும் நான் தனியாகக் கரைமேல் போனேன். முதலில் அந்த ஏரி, பிறகுதான் மற்ற ஊர்கள். மேற்கே கறுத்தால் ஆரோக்கியம் விசிலை எடுப்பதற்கு முன் வரிசையின் கடைசியைப் பார்ப்பாள்.

"இன்னாண்ணே, கை வலிக்குதா?"

"இன்னும் இல்ல. வெட்டுங்க."

இல்லாவிட்டால், "லேசா வலிக்குது."

அவ்வளவுதான். கணீர், கணீர், கணீர்.

அந்த வருஷ ஆடியில் என் ஒப்பந்தம் முடிந்தது. கடைசி நாள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது சாயங்காலம் நாலரை. எனக்கு வீடு மதகடிப்பட்டில். வில்லியனூர் சுற்றி மேற்கே போக வேண்டும். அவர் ஸ்கூட்டர் வரைக்கும் கூட வந்தார். அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை, நான் போக வேண்டிய திசையில் நின்றது. அங்கே மேகம் அடுக்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கடிதம், என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றார். "ஆபீஸ்ல படிச்சிக் காட்டனாங்க. காரணமற்ற அச்சம். நம்ம பொம்பளைங்களுக்கு அப்படி எழுத வராது." கோபம் இல்லை. "நல்லாத்தான் எழுதியிருந்தீங்க."

எனக்குத் தலைக்கவசத்தின் வார் மாட்டவில்லை. அவரே அதைச் சரியாக மாட்டிவிட்டார், தாடைக்குக் கீழே ஒரு விரல் விட்டு இழுத்துப் பார்த்து. பிறகு மறுபடி மேற்கைப் பார்த்தார்.

"சத்தம் கேட்டா வண்டிய நிறுத்திட்டு எதுனா தளம் போட்ட மெத்தை வூட்டுக்குள்ள போயிடுங்க. மரத்தடி வேணாம். நெனஞ்சா பரவாயில்ல. வூட்டுக்குப் போயிட்டு ஒரு போன் போடுங்க சார். வேற ஒண்ணும் பேச வேணாம். ஒண்ணும் ஆவலன்னு மட்டும் சொல்லுங்க."